ஒரே வாரத்தில் வந்த இரண்டு கோரிக்கைகள்: ஸ்டோமா பை, சிறுநீர்ப் பேட் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் சமூகச் செவிலியர் பணியில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே நோயாளியின் நிகழ்வாகத் தொகுத்து எழுதியது இந்த ஆய்வு. இதில் வரும் அம்மையார் குறிப்பிட்ட எவரையும் சுட்டவில்லை. ஆனால் இங்கே சொல்லப்படும் அளவீடுகளும் முடிவெடுத்த வரிசையும், மருந்துச்சீட்டு எழுதும் உரிமை பெற்ற செவிலியர் ஒருவர் அன்றாடம் செய்ய வேண்டியவையே. ஒரு பொருளை அதிகமாகக் கேட்டு வரும் கோரிக்கையை நோய்க்குறியாகவே கொள்ள வேண்டும், அதை வெறும் விநியோகக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணம் நிகழ்விலேயே இருக்கிறது.

வந்த கோரிக்கைகள்

அம்மையாருக்கு வயது 71. தனியாக வாழ்பவர், இரு கைகளிலும் கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம் உடையவர். ஒன்பது மாதங்களுக்கு முன்பு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் பெருங்குடல் அழற்சி கட்டுமீறியதால் அவசர அறுவை சிகிச்சை நடந்தது. பெருங்குடலை அகற்றி, மலக்குடலை உள்ளேயே விட்டு, சிறுகுடலின் முனையை வலது அடிவயிற்றில் ஸ்டோமாவாக, அதாவது கழிவு வெளியேறும் திறப்பாக, வெளிக்கொணர்ந்திருந்தார்கள். இதற்கு இலியோஸ்டமி என்று பெயர். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், நோயாளியைப் படுக்க வைத்தும் உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்து, வயிற்று மடிப்புகளைத் தவிர்த்து, ஸ்டோமா அமைய வேண்டிய இடத்தைச் செவிலியர் முன்கூட்டியே குறித்துவிடுவார். நள்ளிரவில் நடந்த இந்த அறுவை சிகிச்சையில் அதற்கு நேரமில்லை. பின்னால் வந்த தொல்லைகளில் பாதி அந்த ஒரு இழப்பிலிருந்து கிளைத்தவை.

குடும்ப மருத்துவரின் அலுவலகத்துக்கு வந்த முதல் கோரிக்கை, மாதம் 30 பைகள் போதவில்லை, 60 வேண்டும், கூடவே இன்னும் கெட்டியாக ஒட்டும் பேஸ்ட் வேண்டும் என்றது. அதே வாரத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சேவைக்கு இரண்டாவது கோரிக்கை வந்தது: இப்போதுள்ள பேட் ஊறிவிடுகிறது, பெரிய அளவில், அதிக எண்ணிக்கையில் வேண்டும். இரண்டும் தனித்தனி மேசைகளுக்குப் போனவை. இரண்டையும் ஒரே செவிலியர் பார்க்க நேர்ந்தது தற்செயல்தான். அப்படி நேர்ந்திராவிட்டால் இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கும், இரண்டுமே தவறான ஒப்புதலாக இருந்திருக்கும்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் பிரிட்டனின் நிர்வாக அமைப்பு இருக்கிறது. சமூகச் செவிலியர்கள் ஒரு சிறு பட்டியலிலிருந்து தாங்களே மருந்துச்சீட்டு எழுதலாம் என்று 1986 இல் கம்பர்லெஜ் அறிக்கை பரிந்துரைத்தது. 1989 இல் கிரௌன் அறிக்கை அதற்கு வடிவம் தந்தது, 1992 இல் சட்டம் இயற்றப்பட்டது, 1994 இல் சோதனை முறையில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொடக்கப் பட்டியலிலேயே காயக் கட்டுகள், கத்தீட்டர் எனும் சிறுநீர் வடிகுழாய், ஸ்டோமா பொருட்கள் போன்றவை இடம்பெற்றிருந்தன. 2006 முதல், உரிய பயிற்சி முடித்த செவிலியர் தம் திறன் எல்லைக்குள் அநேகமாக எந்த மருந்தையும் எழுத முடிகிறது. உபகரணங்கள் டிரக் டாரிஃப் என்ற அரசுப் பட்டியலின் ஒன்பதாம் பகுதியில் உள்ளன. கத்தீட்டர்கள் ஓரிடத்திலும், ஆணுறை வடிவச் சிறுநீர் உறைகளும் கால்பைகளும் இன்னோரிடத்திலும், ஸ்டோமா பொருட்கள் வேறோரிடத்திலும் அடங்கும். சிறுநீரை உறிஞ்சும் பேட் மட்டும் அப்பட்டியலில் இல்லை. அதை உள்ளூர்ச் சுகாதாரச் சேவை தன் சொந்த நிதியிலிருந்து மதிப்பீட்டின் பேரில் வழங்குகிறது. எனவே ஒரே உடலில் இரண்டு விரற்கடை தள்ளி நிகழும் இரண்டு கசிவுகளுக்கு இரண்டு நிதிகள், இரண்டு கோப்புகள், பல இடங்களில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு செவிலியர்கள்.

பரிசோதனை

வீட்டுக்குச் சென்றபோது முதலில் பையை மாற்றச் சொல்லி, குறுக்கிடாமல் பார்த்தோம். நோயாளி வாயால் சொல்வதைவிட அவர் கை செய்வது துல்லியமாகப் பேசும். பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் தகட்டை அவர் மேலிருந்து வெடுக்கென்று இழுத்தார். பசை நீக்கும் ஸ்ப்ரே எதையும் பயன்படுத்தவில்லை. தோலைத் துடைத்தபின் மருந்துக் கடையில் வாங்கிய துத்தநாகக் களிம்பைப் பூசினார். அதன்மேல் தோல் காப்புப் படலம், அதன்மேல் பவுடர், அதன்மேல் பேஸ்ட், பிறகு சீல் வளையம், அதற்கும் மேல் தகடு, கடைசியாகத் தகட்டைச் சுற்றி ஒட்டுநாடா. பேஸ்ட் பட்டதும் முகம் சுருங்கியது. இத்தகைய பேஸ்டுகள் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால், புண்ணான தோலில் அது எரியத்தான் செய்யும். ஒவ்வொரு பொருளும் முந்தையது பலிக்காதபோது யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் சேர்த்தது. ஒன்றும் நீக்கப்படவில்லை.

கழற்றிய தகட்டின் பின்புறம் இந்த வகை ஆய்வில் மிகச் சிறந்த சான்று. ஜெலட்டின், பெக்டின், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்றவை கலந்த ஹைட்ரோகொல்லாய்டுதான் இன்றைய பெரும்பாலான தகடுகளின் பசை. அது ஈரத்தை உறிஞ்சி வெளிறி, ஊதி, பிறகு கரையும். எங்கே கரைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவின் பாதை. கடிகார முள் போலக் குறித்தால், இவருடைய தகட்டில் 4 மணி முதல் 8 மணி வரையிலான கீழ் வட்டம் கரைந்து, பழுப்பு நிறத் தடம் விளிம்பு வரை ஓடியிருந்தது. 3 மணி, 9 மணித் திசைகளில் மெல்லிய கோடாக இன்னும் இரண்டு தடங்கள் இருந்தன.

அடுத்து அளவுகள். தகட்டின் துளை 35 மி.மீ. ஸ்டோமாவின் விட்டமோ 23 மி.மீ. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்டோமா வீங்கியிருக்கும், முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் சுருங்கும், ஆகவே துளை அளவை அக்காலத்தில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில் ஸ்டோமாவின் அளவைக் குறித்து எடுத்த அச்சுத் தாளின்படியே, ஒன்பது மாதமும் துளை வெட்டப்பட்ட பைகள் வந்துகொண்டிருந்தன. 2010 முதல் இங்கிலாந்தில் உபகரண வழங்குநர்கள் நோயாளிக்கேற்பத் துளை வெட்டித் தருவது முறையான, கட்டணம் வழங்கப்படும் சேவையாக இருக்கிறது. கைவலி உள்ளவருக்கு அது பேருதவி. ஆனால் வெட்டுபவருக்கு ஸ்டோமா தெரியாது, அச்சுத் தாள்தான் தெரியும். அந்தத் தாளைப் புதுப்பிக்க வேண்டியவர் மருந்துச்சீட்டு எழுதுபவர். துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கலாம் என்ற நிலையில், இவருக்கு 12 மி.மீ. அகலமாக இருந்தது. அந்த இடைவெளியில் தெரிந்த தோல் இரவும் பகலும் செரிமான நொதிகளில் ஊறிக்கொண்டிருந்தது.

படுத்திருந்தபோது ஸ்டோமா தோலிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. எழும்பி நின்றது. உட்காரச் சொன்னதும் அது தோல் மட்டத்துக்கு இறங்கியது, வாய் கீழ்நோக்கித் திரும்பியது, இருபுறமும் ஆழமான மடிப்பு விழுந்தது. நோயின்போது இழந்த எடையை அவர் மீட்டிருந்தார். நல்ல செய்திதான், ஆனால் மெலிந்த வயிற்றில் அமைத்த ஸ்டோமா இப்போது மடிப்பின் நடுவில் கிடந்தது. சிறுகுடல் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைத்து, மூக்குப் போல நீட்டி வைக்கும் முறையை பிரையன் புரூக் 1952 இல் வெளியிட்டார். திரவம் தோலைத் தொடாமல் பைக்குள் விழ வேண்டும் என்பதே அதன் பயன், 20 முதல் 25 மி.மீ. நீளம் அதற்கு ஏற்றது. இவருடைய ஸ்டோமா உட்கார்ந்தபோது அந்தப் பயனை முற்றிலும் இழந்தது. படுக்கையில் மட்டும் பரிசோதித்திருந்தால் தட்டையான தகடே போதும் என்று எழுதிவிட்டு வந்திருப்போம். நிற்க வைத்து இருமச் சொல்லிப் பார்த்ததில் ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் எதுவும் தென்படவில்லை. பின்னர் எடுத்த முடிவுக்கு இது முக்கியம்.

தோலில் சிவப்பும் ஈரமான புண்ணும் இருந்தன. அவை தகடு மூடாத பிறை வடிவப் பகுதியிலும் கசிவின் தடத்திலும் மட்டும் இருந்தன. ஒவ்வாமை என்றால் தகட்டின் வடிவம் முழுவதும் தோலில் அச்சாகியிருக்கும். பூஞ்சை என்றால் விளிம்புக்கு வெளியே சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். இரண்டும் இல்லை. கழிவு பட்டதால் ஏற்பட்ட அரிப்புப் புண் என்றே முடிவு செய்தோம். நிறமாற்றம், அரிப்பு, திசு வளர்ச்சி மூன்றையும் அளக்கும் டெட் மதிப்பெண் 15க்கு 6 ஆக இருந்தது.

இதுவரை எல்லாம் ஸ்டோமா நிபுணரின் எல்லைக்குள். பேட் விஷயத்தைத் தனியாகப் பார்த்தபோதுதான் நிகழ்வு வேறு திசையில் திரும்பியது.

பேட்டை எடை போட்டது

மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பேடு எழுதச் சொன்னோம். எவ்வளவு குடித்தார், எப்போது கழித்தார், எவ்வளவு கழித்தார், எப்போது கசிந்தது என்பவற்றோடு, கழற்றும் ஒவ்வொரு பேட்டையும் தனித்தனி உறையில் போட்டு, நேரத்தை எழுதி வைக்கவும் கேட்டுக்கொண்டோம். ஈரமான பேட்டின் எடையிலிருந்து உலர்ந்த பேட்டின் எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மி.லி. என்ற கணக்கில் கசிவின் அளவு கிடைக்கும். அம்மையாருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. காரணத்தை விளக்கியதும் ஒப்புக்கொண்டார்.

உறைகளைத் திறந்தபோது பாதிக்கும் மேற்பட்ட பேட்டுகளில் சிறுநீரே இல்லை. அவர் பேட்டை மடித்து, பையின் கீழ் விளிம்பைச் சுற்றி அணை கட்டியிருந்தார். ஸ்டோமா கசிவு உடையில் இறங்காமலிருக்க அவரே கண்டுபிடித்த வழி அது. இரண்டாவது வகைப் பேட்டுகளில் சிறுநீர் இருந்தது, ஒவ்வொன்றிலும் 40 முதல் 90 கிராம் வரைதான். மூன்றாவது வகையில் சளியும் சிறிது இரத்தக் கோடும் இருந்தன. உள்ளே விடப்பட்ட மலக்குடல் கழிவு எதையும் கடத்தாவிட்டாலும் சளியைச் சுரந்துகொண்டேயிருக்கும், எஞ்சிய அழற்சியால் இரத்தமும் வரலாம். இதைப் பற்றித் தமக்கு யாரும் சொன்னதில்லை என்றும், ஆசனவாய் வழியாக ஏதோ வருவது அச்சமூட்டியதால் வாய்திறக்கவில்லை என்றும் அவர் கூறினார்.

ஆக, பெரிய பேட் வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்குள் மூன்று கசிவுகள் ஒளிந்திருந்தன. அதற்குப் பெரிய பேட் தந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஏற்கெனவே அணிந்திருந்த பெரிய பேட்டைத் தாங்கும் வலைக் கால்சட்டையின் இடுப்புப் பட்டை பையின் குறுக்கே இறுக்கியது. கழிவு பையின் அடிக்கு இறங்க வழியில்லாமல் பட்டைக்கு மேலே தேங்கி, தகட்டின் கீழ் விளிம்பை நெம்பியது. சிறுநீருக்கென்று வழங்கிய பொருள் ஸ்டோமா கசிவைப் பெருக்கியது, அந்தக் கசிவு மேலும் பேட் கேட்க வைத்தது.

குறிப்பேட்டிலும் ஒரு செய்தி இருந்தது. பகலில் மிகக் குறைவாகவே குடித்தார். குடித்தால் பை நிறையும், நிறைந்தால் கசியும் என்ற பயம். மாலைக்கு மேல் தாகம் தாளாமல் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தார். நாளுக்குப் பதினொரு முறை சிறுநீர் கழித்தார், ஒவ்வொரு முறையும் 80 முதல் 150 மி.லி. மட்டும், கரும்பழுப்பு நிறத்தில். அடக்க முடியாத அவசரத்தோடு நாளில் இரண்டு மூன்று முறை கசிந்தது. தொற்றுக்கான அறிகுறி இல்லை. கழித்தபின் சிறுநீர்ப்பையில் தங்கிய அளவை ஸ்கேன் செய்ததில் 40 மி.லி., அதாவது கவலைக்கு இடமில்லை.

ஸ்டோமாவின் 24 மணி நேர வெளியேற்றம் 1,200 மி.லி. அளவில் இருந்தது. நிலைபெற்ற இலியோஸ்டமியில் 500 முதல் 800 மி.லி. வரை எதிர்பார்க்கலாம், 1,500ஐத் தாண்டினால் மிகை என்று பல இடங்களில் கொள்கிறார்கள். இவர் அந்த எல்லைக்கு உள்ளேதான் இருந்தார். ஆனால் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கியது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. மருத்துவரிடம் கேட்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அவருடைய வழக்கமான அளவைவிடக் கூடியிருந்தது, சிறுநீர்ப் பரிசோதனையில் சோடியம் மிகக் குறைவாக இருந்தது. உடல் நீரையும் உப்பையும் இழந்துகொண்டிருந்ததன் அடையாளங்கள் இவை. எல்லைக்கோட்டு எண்ணை நம்பி நோயாளியைக் கைவிடக் கூடாது.

மருந்துப் பட்டியலைக் கடைசியாகப் பார்த்தோம், முதலில் பார்த்திருக்கலாம் என்று வாசகர் எண்ணினால் அதில் நியாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்தே சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், மெதுவாகக் கரையும் மாத்திரையாகத் தொடர்ந்தது. பையில் முழு மாத்திரை வருவதாக அம்மையார் சொன்னார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில மாத்திரைகளின் வெளிக்கூடு யாருக்குமே கரையாது. மருந்து வெளியேறியபின் வெறும் கூடு மட்டும் வரும். அதனால் கூடு தென்பட்டதே மருந்து உறிஞ்சப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனால் பல மணி நேரம் குடலில் பயணித்து, பெருங்குடல் வரை சென்று கரையும்படி வடிவமைத்த மாத்திரையைப் பெருங்குடலே இல்லாதவருக்குத் தொடர்வதில் பயனில்லை என்பதற்குக் கூட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

தேர்வும் மருந்துச்சீட்டும்

முதல் வேலை நீக்குவது. களிம்பு, காப்புப் படலம், பேஸ்ட், ஒட்டுநாடா நான்கும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. எண்ணெய்த் தன்மையுள்ள எதன்மீதும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டாது. இவர் பட்ட பாட்டில் பெரும்பகுதி களிம்புக்கும் தகட்டுக்கும் இடையே நடந்த போராட்டம். தகட்டின் அடியில் மருந்து பூச வேண்டிய நிலை எப்போதாவது வந்தால் களிம்பைத் தவிர்த்து, ஸ்ப்ரே, நீர்மக் கரைசல் போன்ற உலரும் வடிவங்களையே தேர வேண்டும். பவுடரைப் புண் உலரும்வரை மட்டும் வைத்துக்கொண்டோம், அதையும் மெல்லத் தூவி மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும் என்று கற்பித்தோம். வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்துக்கு மாற்றாக சிலிக்கோன் வகைப் பசை நீக்கி ஸ்ப்ரே எழுதப்பட்டது.

பையைத் தேர்வது எளிதாக இருக்கவில்லை. இரண்டு துண்டுகளாக வரும் பையில் தகட்டை வயிற்றிலேயே விட்டுவிட்டுப் பையை மட்டும் மாற்றலாம், புண்ணான தோலுக்கு அது நல்லது. ஆனால் இரண்டையும் பொருத்த விரலால் அழுத்த வேண்டும், இவர் கட்டைவிரலுக்கு அது இயலாது. ஒற்றைத் துண்டுப் பை, அடியில் சுருட்டி ஒட்டி மூடும் வாய், 25 மி.மீ. துளை தயாராக வெட்டப்பட்டது என்று முடிவாயிற்று. அவர் ஸ்டோமா வட்டமாக இருந்ததால் தயார்த் துளை பொருந்தியது. முட்டை வடிவ ஸ்டோமாவுக்கு இந்த வசதி கிடைக்காது.

உட்கார்ந்தால் உள்வாங்கும், மடிப்பில் கிடக்கும் ஸ்டோமாவுக்குத் தட்டையான தகடு பலிக்காது. உட்புறம் குவிந்த தகடு சுற்றுத் தோலை அழுத்தி ஸ்டோமாவை முன்னே தள்ளும். தளர்ந்த வயிற்றுக்கு உறுதியான குவிவும், இறுகிய வயிற்றுக்கு வளையும் குவிவும் ஏற்றவை என்பது பொதுவான வழிகாட்டல். அதன்படி இவருக்கு உறுதியானதே வேண்டும். ஆயினும் ஈரப் புண்ணின்மேல் கெட்டியான வளையத்தை அழுத்தத் தயங்கி, முதல் இரண்டு வாரத்துக்கு மென்குவிவும் இடுப்பு பெல்ட்டும் எழுதினோம். குவிவு உபகரணம் மற்ற பொருட்களைப் போல வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடியதன்று. அது ஓயாமல் அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் புண் வரலாம். குடலிறக்கம், ஸ்டோமாவைச் சுற்றிய புடைத்த இரத்த நாளங்கள், பயோடெர்மா எனும் ஆழமான தோல் புண் ஆகியவை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ஆகவே 10 பைகள் மட்டும் ஒருமுறைச் சீட்டாக எழுதப்பட்டன. தொடர் பட்டியலில் எதையும் சேர்க்கவில்லை. பலன் தெரியாத பொருளைத் தொடர் பட்டியலில் ஏற்றுவது எளிது, இறக்குவது ஒன்பது மாத வேலை என்பதை இந்த நிகழ்வே காட்டுகிறது.

எந்த நிறுவனத்தின் பை என்ற கேள்வி இங்கே எழும். மாதிரிப் பொருட்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் பெட்டி, நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் பயிற்சி, சில இடங்களில் செவிலியர் பணியிடத்துக்கே நிறுவனங்கள் தரும் நிதி ஆகியவை இத்துறையில் நெடுநாளாக விவாதிக்கப்படுகின்றன. நிறுவனங்களை வில்லன்களாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டும் வளையத்தோடு கூடிய ஸ்டோமா பையை முதலில் சிந்தித்தவரே எலிஸ் சோரென்சென் என்ற டேனிஷ் செவிலியர்தான். 1950களில் தம் தங்கைக்காக அவர் வடிவமைத்ததை ஒரு தயாரிப்பாளர் செய்து தந்ததில்தான் இன்றைய தொழிலின் ஒரு பெரிய கிளை தோன்றியது. ஆனால் மருந்துச்சீட்டில் கையொப்பமிடுபவர் வேண்டிய தன்மைகளை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே பெயரைத் தேட வேண்டும். இந்த நிகழ்வில் துளை, குவிவு, ஆழம், வாய், பெல்ட் கொக்கி என்ற ஐந்தும் முதலில் எழுதப்பட்டன. மூன்று நிறுவனங்களின் பைகள் அவற்றுக்குப் பொருந்தின. மூன்றையும் அம்மையார் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்து, விரலுக்கு வசதியானதைத் தேர்ந்தார்.

வெளியேற்றத்தைக் குறைக்க, தொற்றும் அடைப்பும் இல்லை என்று உறுதி செய்தபின், லோபராமைடு 2 மி.கி. நாளுக்கு மூன்று முறை, உணவுக்கு அரை மணி முன்பாக எழுதப்பட்டது. குடிப்பதைக் கூட்டுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். இலியோஸ்டமி கழிவில் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் சோடியம் போகிறது. வெறும் தண்ணீர் நிறையக் குடித்தால் குடல் உப்பை உள்ளிருந்து இழுத்து வெளியே தள்ளும். எனவே வெறும் தண்ணீரை மட்டுப்படுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சோடியம் குளோரைடு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கலந்த கரைசலை நாள் முழுக்கச் சிறுசிறு மிடறாகக் குடிக்கச் சொன்னோம். இதயச் செயலிழப்பு இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே இது தொடங்கப்பட்டது.

ஆக்ஸிபியூட்டினின் மாத்திரையை மருத்துவரும் மருந்தாளரும் கலந்து பேசி நிறுத்தினார்கள். இந்த வயதில் அதையொத்த, ஆன்டிகோலினெர்ஜிக் எனப்படும் மருந்துகள் நினைவாற்றலையும் நடையையும் பாதிக்கக்கூடும் என்பதால் உடனே வேறொன்றைத் தொடங்கவில்லை. தேவைப்பட்டால் தோலில் ஒட்டும் பட்டை வடிவம் இருக்கிறது, குடலைச் சார்ந்திராதது. அதை இடுப்பிலோ பிட்டத்திலோ ஒட்ட வேண்டும், தகடு படும் வயிற்றில் அன்று. அதற்கு முன்பாக ஆறு வாரச் சிறுநீர்ப்பைப் பயிற்சியும், மெலிந்திருந்த யோனித் திசுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் தொடங்கப்பட்டன. பெண்களின் சிறுநீர்க் கசிவுக்குப் பேட்டைச் சிகிச்சையாகக் கருதக் கூடாது, சிகிச்சை பலிக்கும்வரை சமாளிக்கவோ, வழிகள் தீர்ந்தபின் நீடித்தோ பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் நைஸ் வழிகாட்டல் கூறுகிறது. அம்மையாருக்குச் சிறிய, உடலோடு படியும் பேட் வழங்கப்பட்டது. ஒரு கசிவுக்கு 90 கிராம் என்பதுதான் அளவுகோல். வலைக் கால்சட்டை போய், பைக்கு மேலே ஏறும் உயர்ந்த இடுப்புள்ள உள்ளாடை வந்தது. களிம்பு பேட்டின் மேற்பரப்பை அடைத்து உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பதால் அதை அங்கும் தடிமனாகப் பூச வேண்டாம் என்று சொன்னோம்.

மலக்குடல் சளியும் இரத்தமும் அறுவை சிகிச்சைக் குழுவுக்கு எழுதப்பட்டன. நெடுநாள் அழற்சி கண்ட மலக்குடலை உள்ளே வைத்திருப்பவருக்கு, அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்புக்காகத் தொடர் கண்காணிப்பு தேவை. அதற்கான ஏற்பாடு எதுவும் ஆவணத்தில் காணப்படவில்லை.

தொடர்ச்சி

மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசியபோது பை ஒரு நாள் முழுவதும் நின்றிருந்தது. இரண்டாம் வாரம் தோல் உலர்ந்து, டெட் மதிப்பெண் 2க்கு இறங்கியது. ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்தால் 9 மணித் திசையில் கசிவு எட்டிப் பார்த்தது. மென்குவிவு போதவில்லை. புண் ஆறிவிட்டதால் உறுதியான குவிவுக்கு மாற்றி, வாரம் ஒருமுறை தோலில் அழுத்தத் தடம் இருக்கிறதா என்று பார்த்தோம். கழற்றி அரை மணிக்குள் மறையும் சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆறாம் வாரத்தில் ஒரு பை மூன்று நாள் வரை நின்றது. சீல் வளையமும் பவுடரும் நிறுத்தப்பட்டன. கிரியேட்டினின் பழைய அளவுக்குத் திரும்பியது, வெளியேற்றம் 750 மி.லி. ஆனது.

சிறுநீர் அவசரம் முற்றாகத் தீரவில்லை. பதினொரு முறை எட்டாகக் குறைந்தது, கசிவு பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை. ஒட்டும் பட்டை மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, இந்த அளவுக்கு மருந்து வேண்டாம், சிறு பேட் போதும் என்று அம்மையார் தீர்மானித்தார். ஸ்டோமாவை வேறிடத்தில் அமைத்துத் தரலாம் என்று அறுவை மருத்துவர் கூறியதையும் இப்போதைக்கு மறுத்துவிட்டார். மலக்குடல் உள்நோக்குப் பரிசோதனையில் அழற்சி மட்டுமே தெரிந்தது, கண்காணிப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டது.

ஆறாம் மாதத்தில் தொடர் மருந்துச்சீட்டில் நின்றவை: மாதம் 15 பைகள், பசை நீக்கி ஸ்ப்ரே, லோபராமைடு, தேய்ந்தால் மாற்ற இடுப்பு பெல்ட். பேட் நாளுக்கு இரண்டு, தனிக் கோப்பில். இரு கோப்புகளிலும் மற்றதன் இருப்பு குறிக்கப்பட்டது. மாதம் 20 பைகளுக்கு மேல் கேட்டாலோ, பேட் எண்ணிக்கை உயர்ந்தாலோ, எடை ஐந்து கிலோவுக்கு மேல் மாறினாலோ, கோரிக்கை வழங்கும் மேசைக்குப் போகாமல் செவிலியரிடம் வர வேண்டும் என்றும், அடுத்த அளவெடுப்பில் அவரை உட்கார வைத்தே அளக்க வேண்டும் என்றும் சீட்டின் குறிப்பில் எழுதப்பட்டுள்ளது.